மோரில் போட்ட வாழைக்காய்

திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி மோர் இருக்கும். கெட்டி மோர் இல்லை; தயிர்ச்சட்டியை அலம்பி ஊற்றினது மாதிரி நீர்த்த மோர். நறுக்கின வில்லை நேராக அதற்குள் விழும். பேச்சு சுவாரசியத்தில் ரெண்டு வில்லை தட்டிலேயே தங்கிவிட்டால், கொஞ்ச நேரத்தில் துரு நிறம் வந்து பிறகு கறுத்துவிடும். "கறை ஏறிடுச்சு பாரு" என்று பெரியம்மா அதைத் தனியாக எடுத்துப் போடுவார்.

அந்தக் கறுப்பு எந்தப் பொருளால் என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. வாழையை வெட்டினால் செல்கள் உடைகின்றன. உள்ளே இருந்த ஒரு நொதி வெளியே வந்து, காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து ஒரு பொருளோடு சேர்த்துவிடுகிறது. சேர்ந்ததும் அது கறுப்புப் பிசினாகிறது. மோரின் புளிப்பில் அந்த நொதிக்குக் கை ஓடாது. இது பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான். சொல்லாமல் விட்டது, வாழையில் அப்படிக் கறுக்கும் முக்கியமான பொருளின் பெயர். அது டோபமைன்.

யூடியூபில் நாள் தவறாமல் அடிபடும் அதே டோபமைன்தான். உடனே யாரும் ரெண்டு சீப்பு வாங்கிவர வேண்டாம். வாயால் சாப்பிட்ட டோபமைன் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அதை உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. செய்ததைக் கறுக்காமல் வைத்திருக்க அதுவும் ஒரு மோர்ச்சட்டி வைத்திருக்கிறது. ஊக்கமருந்து என்று நாம் சொல்லும் சங்கதி அந்தச் சட்டியில்தான் கை வைக்கிறது.

எனக்கு இதையெல்லாம் யோசிக்கத் தோன்றிய இடம் அடுக்களை இல்லை. திண்டிவனத்தில் ஒரு ராத்திரி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு மேம்பாலத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நேரே போனால் விழுப்புரம், திருச்சி; ஒரு பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை; மறுபக்கம் புதுச்சேரி, மரக்காணம். தூங்காத ஊர் அது. கிருஷ்ணகிரியிலிருந்து தக்காளி ஏற்றிப் புதுச்சேரிக்குப் போகிற லாரி ஒன்று ஓரமாக நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஹான்ஸ் புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, சுண்ணாம்பு தடவி, கட்டைவிரலால் தேய்த்து, தட்டி, கீழுதட்டுக்குள் அடக்கினார். குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை. பொட்டலத்துக்கு அது தெரியாது.

"டீ தூக்கத்தத் தள்ளிப் போடும் சார். இது ஆள உலுக்கி வைக்கும்" என்றார்.

மருந்தியல் புத்தகங்களில் அத்தியாயக் கணக்கில் எழுதியிருக்கும் வித்தியாசம் அது. அவருக்கு அது ஒரு வாக்கியம்.

தூக்கத்தோடு மல்லுக்கட்டும் தொழில்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்க லாரிக்காரர்கள் ஒரு காலத்தில் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெடமின் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். ஜப்பானில் 1941-லிருந்து 'பிலோபான்' என்ற பெயரில் மெத்தாம்ஃபெடமின் கடையில் விற்றது. உழைப்பின் மீது பிரியம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர் முடிந்து ஊரெல்லாம் அதற்கு அடிமையாகி, 1951-ல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தப் பார்த்தார்கள். தாய்லாந்தில் லாரி ஓட்டுகிறவர்கள் விழுங்கிய மாத்திரைக்கு முதலில் 'யா மா' என்று பெயர், குதிரை மருந்து. பின்னாளில் 'யா பா' ஆயிற்று. பைத்திய மருந்து என்று அர்த்தம். நம் பக்கமும் 2024 பிப்ரவரியில், சத்துமாவுக்குள்ளும் தேங்காய்ப் பொடிக்குள்ளும் ஒளித்து சூடோஎபிட்ரினை ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பியதாகப் பெரிய வழக்கு ஒன்று கிளம்பி, சென்னைப் பெயர் அதில் அடிபட்டது. மெத் காய்ச்சுவதற்கு மூலப்பொருள் அது. சளி மருந்திலும் இருப்பதுதான்.

சரி, மூளைக்குள் போவோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் டோபமைன் செய்கிறவை நடுமூளையில் இருக்கும் சில லட்சம் மட்டுமே. ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒரு பால் சொசைட்டி இருந்தால் எப்படியோ அப்படி. ஆனால் ஒவ்வொன்றும் வேர்க்கால் மாதிரி கிளைவிட்டுப் பரவி, லட்சக்கணக்கான இடங்களில் சொட்டுவிடுகிறது. கை நீட்டுவது, அடி எடுத்து வைப்பது, இது வேண்டும் என்று ஆசைப்படுவது, எதிர்பார்த்ததைவிட நல்லதாக ஒன்று நடந்தால் அதை மனசில் குறித்துக்கொள்வது, எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். புரதம் உள்ள எதிலும் கிடைக்கும். நம் நிலக்கடலையில் நன்றாகவே உண்டு. (கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது. இங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் போக முடியாது.) டைரோசினை ஒரு நொதி எல்-டோபாவாக மாற்றுகிறது, இன்னொரு நொதி அதை டோபமைனாக மாற்றுகிறது. நடுவில் வரும் எல்-டோபாவுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. வேலியோரம் படர்ந்து, தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கிற பூனைக்காலியின் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை எழுதியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு சென்னை ஆய்வாளர்கள். அதற்கு மூளையில் என்ன வேலை என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கைநடுக்கத்தோடு வரிசையில் நிற்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரையும் இந்த எல்-டோபாதான்.

டோபமைன் செய்தாயிற்று. இனி அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். செல்லின் உட்புறம் புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலை. அங்கே அது வெறுமனே கிடந்தால் தட்டில் மறந்த வாழைக்காய் வில்லை மாதிரி ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும், பக்கத்தில் இருக்கிறதையும் கெடுக்கும். அதனால் நரம்பணு தன் கிளைநுனிகளில் நுண்ணிய பைகளை அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பையின் தோலிலும் ஒரு பம்பு இருந்துகொண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே இறைக்கிறது. பைக்குள் புளிப்பு ஏறுகிறது. புளிப்பென்றால் புளியங்கரைசல் அளவுக்கு இல்லை, பி.ஹெச். கணக்கில் ஐந்தரை வாக்கில், பால் திரியப் போகும் புளிப்பு. புளிப்பில் டோபமைன் எளிதில் கறுக்காது. பெரியம்மாவின் மோர்தான்.

புளிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. பைக்குள் டோபமைனை ஏற்றுவது வி-மேட் என்கிற கடத்திப் புரதம். உள்ளே நெருக்கியடிக்கும் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டை வெளியே விட்டு, அந்த வேகத்தில் ஒரு டோபமைனை உள்ளே இழுக்கிறது. ஏற்றம் இறைக்கிறவர் தன் எடையால் சாலைத் தூக்குகிற மாதிரி. ஆக புளிப்பு இருந்தால்தான் சரக்கு உள்ளே போகும், போன சரக்கும் கெடாது.

இந்த வி-மேட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று காட்டிக்கொடுத்ததும் நம் மண்ணின் செடி ஒன்றுதான். சர்ப்பகந்தி வேரை ரத்தக்கொதிப்புக்குத் தரலாம் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். 1952-ல் சுவிஸ் கம்பெனி ஒன்று அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. அது வி-மேட்டின் வாயை அடைக்கிற மருந்து. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். பைகள் வெறுமையாகி, காதுகள் தொங்கிப்போய், முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. எல்-டோபா ஊசி போட்ட கால்மணி நேரத்தில் எழுந்து நடமாடின. டோபமைனுக்கென்று மூளையில் தனி வேலை இருக்கிறது என்பது அப்படித்தான் உறைத்தது. 2000-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. பூனைக்காலியும் சர்ப்பகந்தியும் ஒரே முயலுக்குள் சந்தித்துக்கொண்ட பரிசோதனை என்று நான் அதை நினைத்துக்கொள்வேன்.

புளிப்பு முடிந்தது, அடுத்தது உப்பு.

நரம்பில் மின்துடிப்பு வந்ததும் சில பைகள் செல்லின் சுவரோடு ஒட்டித் திறந்து டோபமைனை வெளியே கொட்டுகின்றன. அது எதிரே இருக்கும் செல்லின் ஏற்பிகளைத் தொடுகிறது. தொட்டால் போதாது, விடவும் வேண்டும். அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காவிட்டால் அது அழைப்பாக இருக்காது. அதற்காகச் செல்லின் சுவரில் இன்னொரு கடத்தி நிற்கிறது, பெயர் டாட். வெளியே கிடக்கும் டோபமைனைப் பொறுக்கித் திரும்ப உள்ளே கொண்டுவரும். அதை மறுபடியும் பையில் ஏற்றலாம், வீணாகாது.

இந்த டாட்டை ஓட்டுவது உப்பு. மரக்காணத்து அளத்தில் பாத்தி பாத்தியாகக் காய்கிறதே, அதே சோடியமும் குளோரைடும். நரம்பணுவுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப்போலப் பத்து மடங்கு. உள்ளே வரத் துடிக்கும் இரண்டு சோடியமும் ஒரு குளோரைடும் வாசலில் நுழையும்போது, ஒரு டோபமைன் அவற்றோடு கூடவே இழுபட்டு வந்துவிடும். மேட்டுக் கழனித் தண்ணீர் மடை வழியே பள்ளத்துக்குப் பாயும்போது சருகையும் கூட்டிவருகிற கதை. 2013-ல் அரவிந்த் பென்மத்ஸா என்ற இந்திய ஆய்வாளர், அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் எரிக் கூவோவின் ஆய்வகத்தில் இருந்தபோது, டாட்டின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் அணு அணுவாகப் படமெடுத்துக் காட்டினார். எடுத்துக்கொண்டது பழ ஈயின் டாட், வாழைப்பழத் தாரைச் சுற்றும் அதே வகை ஈ. பென்மத்ஸா இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருக்கிறார்.

இப்போது மருந்துகளை ஒவ்வொன்றாக உள்ளே விடலாம்.

கோகெயின் செய்வது எளிமையானது. டாட்டின் வாசலில் டோபமைன் உட்கார வேண்டிய குழியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கதவு வெளியே பார்த்துத் திறந்தபடி சிக்கிக்கொள்ளும். கொட்டின டோபமைன் திரும்ப வழியில்லாமல் வெளியிலேயே நின்று ஏற்பிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் இதே கதவைத்தான் அடைக்கிறது. அப்படியானால் அது மருந்து, இது போதை என்பது ஏன்? மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் மூளையைப் படம்பிடித்துப் பார்த்ததில் வேகம்தான் பெரிய வித்தியாசமாக நின்றது. நரம்பு வழியே ஏற்றின கோகெயின் சில நிமிஷத்தில் மூளையில் உச்சிக்குப் போகிறது. வாய்வழி விழுங்கின மாத்திரைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். மெள்ள ஏறுகிற டோபமைனை மூளை 'கிளுகிளுப்பு' என்று எழுதிக்கொள்வதில்லை. அளந்து கொடுத்த மாத்திரையைப் பரீட்சைக்கு முன்னால் நண்பனிடம் வாங்கிப் போடுகிறவர்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது வேறு கட்டுரை.

ஆம்ஃபெடமின் குடும்பம் கதவடைப்போடு நிற்காது. 1887-ல் பெர்லினில் லாசர் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் முதலில் இதைச் செய்தபோது, இது என்ன செய்யும் என்று பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதன் உருவம் டோபமைனை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். அதனால் டாட் ஏமாந்து, சரக்கு என்று நினைத்து அதை உள்ளே கூட்டிவந்துவிடுகிறது. இப்படி அது வரும்போதெல்லாம் சோடியமும் கூட வருகிறது.

உள்ளே வந்தது நேராகப் பைகளுக்குப் போகிறது. ஆம்ஃபெடமின் வேதியியல்படி ஒரு காரம், வலுக்குறைந்த காரம். புளிப்பைக் கண்டால் விடாது. ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து விழுங்கும். பம்பு இறைக்க இறைக்க இது குடிக்கும். மோரில் சோடா உப்பைப் போட்டது மாதிரிதான்: புளிப்பு முறிந்துவிடுகிறது. புளிப்பு போனால் வி-மேட்டுக்கு வலு ஏது? ஏற்றி வைத்த டோபமைன் பையிலிருந்து செல்லுக்குள் கசிகிறது. இந்தப் புளிப்பு முறியும் விளக்கத்தைத் தொண்ணூறுகளில் முன்வைத்தவர் நியூயார்க்கின் டேவிட் சல்ஸர். (இதே மனிதர் வேறு பெயரில் இசைக்கலைஞர். தாய்லாந்தில் யானைகளை வைத்து ஒரு வாத்தியக் குழுவே நடத்தினார். ஆய்வகத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு ஜோலி இருக்காது என்று யார் சொன்னது?)

கசிந்த டோபமைன் செல்லுக்குள் நிரம்புகிறது. கூட வந்த சோடியமும் உள்ளே ஏறிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, ஆம்ஃபெடமின் சில நொதிகளைக் கிளப்பி டாட்டின் வால்பகுதியில் பாஸ்பேட்டை ஒட்டவைக்கிறது. இத்தனையும் சேர்ந்து டாட்டைத் தலைகீழாக்கிவிடுகின்றன. பொறுக்கி உள்ளே கொண்டுவர வேண்டியது, உள்ளே இருப்பதை வெளியே வாரிக் கொட்டுகிறது. நரம்பில் துடிப்பே வர வேண்டியதில்லை. சேதி வந்தால் மணி அடிக்கிற நிலை போய், மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். மெத்தாம்ஃபெடமினில் கூடுதலாக ஒரு மெத்தில் தொங்குகிறது. அதனால் கொழுப்பில் இன்னும் நன்றாகக் கரைந்து மூளைக்குள் வேகமாக நுழையும். உடம்பில் அது பாதியாகக் குறையப் பத்து மணி நேரம் போல ஆகிறது. கோகெயினுக்கு ஒரு மணி நேரம்.

எவ்வளவு கொட்டும்? இத்தாலியில் டி கியாராவும் இம்பெராட்டோவும் 1988-ல் எலிகளின் மூளையில் மெல்லிய குழாய் வைத்து அளந்தார்கள். நிகோடினுக்கு வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு, கோகெயினுக்கு மூன்று மடங்கு வாக்கில், ஆம்ஃபெடமினுக்குப் பத்து மடங்கு வரை. கவனிக்க வேண்டியது, இந்தப் பத்து மடங்கில் மருந்து கொண்டுவந்தது ஒரு சொட்டும் இல்லை. அத்தனையும் நம் சரக்கு, நாளைக்கென்று பையில் கட்டி வைத்தது. டாட் இல்லாமல் பிறக்கும்படி எலிகளை 1996-ல் உருவாக்கிப் பார்த்தபோது, ஆம்ஃபெடமினும் கோகெயினும் அவற்றின் ஓட்டத்தைக் கூட்டவில்லை. வாசலே இல்லாத வீட்டில் திருடனுக்கு என்ன வேலை?

சரி, டீயும் ஹான்ஸும்?

டீயிலிருக்கும் காஃபின் இந்த உப்பு வாசலுக்கும் வருவதில்லை, புளிப்புப் பைக்கும் வருவதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அசதி என்று நாம் உணர்வதில் அதற்குப் பெரிய பங்கு. காஃபின் அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலிகளில் துண்டு போட்டுவிடும். அடினோசின் எங்கேயும் போய்விடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும். தள்ளிப் போடும் என்று ஓட்டுநர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

புகையிலை வேறு வழி. நிகோடின் டோபமைன் நரம்பணுவின் மேல் இருக்கும் அசிடைல்கோலின் ஏற்பிகளைத் திறந்து, அதைத் துடிக்க வைக்கிறது. கதவில் கை வைக்காமல் மணியை அடிக்கிறது. ஓட்டுநர் தடவின சுண்ணாம்பு சும்மா இல்லை. நிகோடினும் வலுக்குறைந்த காரம். வாயின் இயல்பான ஈரத்தில் மின்னேற்றத்தோடு கிடப்பதால் உதட்டுத் தோலை எளிதில் தாண்டாது. சுண்ணாம்பு காரத்தைக் கூட்டியதும் மின்னேற்றம் கழன்று, வழுக்கிக்கொண்டு ரத்தத்துக்குள் போய்விடும். பாட்டன் பூட்டன் யாரும் பி.ஹெச். மீட்டர் வைத்திருக்கவில்லை, ஆனாலும் சரியான பொருளைத்தான் தடவினார்கள். உதட்டுக்குள் புண்ணும், அது ஆறாமல் வருகிற புற்றும் அதே வழியில் வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மெத் போட்டவருக்கு அடுத்த நாள் என்ன ஆகிறது என்பதற்குத் திரும்ப வாழைக்காய்க்கு வர வேண்டும். பைகள் காலி. இரண்டு மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம், எதிலும் மனசு ஒட்டாமை, எரிச்சல். ஓயாமல் தட்டு வாங்கின ஏற்பிகளில் ஒரு பகுதி உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். பிள்ளை சிரிப்பதும் பசிக்குச் சோறும் பழைய அளவுக்கு உறைக்காது. இதைவிட மோசமானது, மோரிலிருந்து எடுத்து வெளியே போட்டாயிற்றே, அந்த டோபமைன். நடுநிலையான செல்நீரில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்களாக மாறுகிறது, வாழைக்காயில் கறுப்புக்கு முந்தின படியும் அதுதான். குயினோன்கள் பக்கத்துப் புரதங்களில் ஒட்டி அவற்றை முடக்குகின்றன. நரம்பணுவின் கிளைநுனிகள் பட்டுப்போகின்றன. நீண்ட நாள் மெத் எடுத்தவர்களின் மூளையைப் படமெடுத்தால் டாட்டின் எண்ணிக்கை குறைந்திருப்பது தெரிகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் விட்டவர்களிடம் அது ஓரளவு திரும்பி வந்ததை வோல்கோவின் குழு 2001-ல் காட்டியது. ஆனால் நடையிலும் ஞாபகத்திலும் இருந்த தடுமாற்றம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி இதில் எதையும் நான் அந்த ஓட்டுநரிடம் சொல்லவில்லை. இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு, தார்ப்பாயின் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மார்க்கெட்ல இறக்கணும்" என்றார். கேபினில் ஏறினார். வண்டி கிளம்பும் என்று பார்த்தேன், கிளம்பவில்லை. எனக்கு பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏறும்போது திரும்பிப் பார்த்தால், லாரி ஜன்னலுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டியிருந்தன, செருப்பில்லாமல். டீ மாஸ்டர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.